நட்சத்திரக் கப்பலின் கப்டன் தன் ஆட்களை மீட்க எல்லாவற்றையும் பணயம் வைக்கலாமா?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன். கல்லாற்றிலிருந்து நீங்கள் ஒரு விண்வெளிக் கதை எழுதுகிறீர்கள். நட்சத்திரக் கப்பல் ஒன்றில் 42 பேர் போகிறார்கள். கூடவே வந்த சிறிய ஆய்வுக் கலம் பழுதாகி, அதில் இருந்த 5 பேர் பத்து இலட்சம் கிலோமீற்றர் தள்ளித் தனித்துப் போகிறார்கள். அவர்கள் கையில் 9 நாட்களுக்கான சுவாசம் இருக்கிறது. கப்டன் மேலிடத்துக் கட்டளையை மீறித் திரும்புகிறார். கதையைப் படித்த நண்பர், 5 பேருக்காக 42 பேரை எந்தக் கப்டனும் பணயம் வைக்க மாட்டான் என்கிறார். வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் உங்கள் மாமாவோ, "கடலில ஆள விட்டுட்டு வாற பழக்கம் எங்களுக்கு இல்ல" என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன: அப்படிப் போய்த் திரும்ப முடியுமா என்பது ஒன்று, போவதற்குக் கப்டனுக்கு உரிமை உண்டா என்பது மற்றது. முதலாவதற்கு விடை கிடைத்தால்தான் இரண்டாவதைப் பேசவே முடியும். ஆகவே கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

எது உறுதி, எது ஊகம் என்பதை இங்கேயே பிரித்துவிடுவோம். மனிதன் ஒரு நாளைக்கு எவ்வளவு சுவாசிக்கிறான், ஒரு கலம் மற்றதை எப்படி அணுக வேண்டும், வேகத்தை மாற்ற எவ்வளவு எரிபொருள் செலவாகும் என்பவை 60 ஆண்டுக்கு மேலான பறப்புகளில் சோதித்து அறிந்தவை. இவற்றில் சந்தேகம் இல்லை. நட்சத்திரங்களுக்கு இடையே போகும் இயந்திரம் இன்னும் யாராலும் கட்டப்படவில்லை. அதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அதே பௌதிகச் சமன்பாடுகளைப் பெரிய எண்களுக்கு நீட்டிப் பார்ப்பதுதான். சமன்பாடு பொய் சொல்லாது. ஆனால் எந்தப் பாகம் எத்தனையாம் ஆண்டில் பழுதாகும் என்பதை அது சொல்லித் தராது.

சுவாசத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் கதைகளில் அதிகம் பிழைப்பது இந்த இடத்தில்தான். "ஒட்சிசன் தீர்ந்துகொண்டிருக்கிறது" என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். மூடிய அறையில் ஆளைக் கொல்ல முந்தி வருவது காபனீரொட்சைட்டு. ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.84 கிலோ ஒட்சிசன் எடுத்து, ஏறத்தாழ 1 கிலோ காபனீரொட்சைட்டு வெளிவிடுகிறார். 10 கனமீற்றர் காற்றுள்ள அறைக்குள் ஒருவரை அடைத்து வைத்தால், ஒரு நாள் முடிவில் ஒட்சிசன் 21 வீதத்திலிருந்து 15 வீதத்துக்குக் கிட்ட இறங்கியிருக்கும். அது உயர்ந்த மலையில் நிற்பது போன்றது, மூச்சு வாங்கினாலும் உயிர் இருக்கும். ஆனால் அதே நேரத்தில் காபனீரொட்சைட்டு 5 வீதத்தைத் தாண்டியிருக்கும். வெளிக்காற்றில் அது 0.04 வீதம்தான். 3 வீதத்திலேயே தலையிடியும் இளைப்பும் தொடங்கும், 8 வீதத்துக்கு மேல் நினைவு தப்பும். மற்றவர்களின் உயிருக்குப் பொறுப்பானவர் தெளிவாக யோசிக்க வேண்டிய வேளையில், யோசிக்கும் திறனைத்தான் அது முதலில் பறிக்கும்.

அதை உறிஞ்சி எடுக்க இலிதியம் ஐதரொட்சைட்டு நிரப்பிய பெட்டிகளைப் பாவிப்பார்கள். இரசாயனக் கணக்கின்படி 1 கிலோ காபனீரொட்சைட்டுக்கு ஏறத்தாழ 1.1 கிலோ இலிதியம் ஐதரொட்சைட்டு வேண்டும். பெட்டிக்குள் எல்லாத் துணிக்கையும் காற்றுப் படுவதில்லை என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும், ஆளுக்கு நாளுக்கு 1.5 கிலோ என்று வையுங்கள். 5 பேருக்கு 9 நாள் என்றால் 67 கிலோ வருகிறது. உங்கள் கதையில் "9 நாள்" என்ற எண்ணை இந்தப் பெட்டிகளின் எண்ணிக்கையாக எழுதுங்கள். ஆட்கள் பெட்டிகளை எண்ணிக்கொண்டு இருப்பது, மானி ஒன்றின் முள் இறங்குவதைப் பார்ப்பதை விட வாசகருக்கு நெருக்கமாக இருக்கும்.

1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 கலத்தில் ஒட்சிசன் தாங்கி வெடித்தபோது நடந்ததும் இதுதான். மூவரும் நிலவில் இறங்குவதற்கான கலத்துக்குள் ஒதுங்கினார்கள். அது இருவரை ஏறத்தாழ 45 மணித்தியாலம் தாங்கக் கட்டப்பட்டது. மூவர் ஏறத்தாழ 90 மணித்தியாலம் அதை நம்பியிருக்க வேண்டி வந்தது. ஒட்சிசன் போதியளவு இருந்தது, உறிஞ்சும் பெட்டிகள் போதவில்லை. தாய்க்கலத்தில் மேலதிகப் பெட்டிகள் இருந்தும் அவை சதுரம், இங்கே துவாரம் வட்டம். பிளாஸ்ரிக் பை, கைநூலின் மட்டை அட்டை, உடையின் குழாய், ஒட்டு நாடா எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பொருத்தினார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் அணைத்ததால் உள்ளே 3 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்தது. தண்ணீரை ஆளுக்கு நாளுக்கு 200 மில்லிலீற்றருக்கும் குறைவாகப் பங்கிட்டார்கள். ஒரே பயணத்தில் போகும் இரண்டு கலங்களுக்கு ஒரே அளவுப் பெட்டி என்று மேசையில் இருந்து வரையும்போதே ஒருவர் முடிவெடுத்திருந்தால் அந்தப் பாடு வந்திராது. மீட்பின் பெரும்பகுதி பயணம் புறப்பட முன்னரே முடிந்துவிடுகிறது என்று நான் நம்புவதற்கு இது ஒரு காரணம்.

உங்கள் கப்டன் வானொலியில் சொல்ல வேண்டிய முதற் கட்டளை "அசையாமல் படுங்கள்" என்பதுதான். வேலை செய்யும் உடல், படுத்திருக்கும் உடலைப் போலப் பல மடங்கு காபனீரொட்சைட்டை வெளிவிடும். 2003இல் கொலம்பியா விண்ணோடம் அழிந்த பின் நடந்த விசாரணை, அதை மீட்டிருக்க முடியுமா என்றும் ஆராய்ந்தது. ஏழு பேரும் வேலைகளை நிறுத்தி அடங்கியிருந்தால் அவர்களிடம் இருந்த பெட்டிகள் பறப்பின் 30ஆம் நாள் வரை, அதாவது பெப்ரவரி 15 வரை தாங்கியிருக்கும் என்று கண்டது. 16 நாள் பயணத்துக்குப் போனவர்களுக்கு அடங்கியிருப்பதால் மட்டும் கிடைத்திருக்கக்கூடிய நாட்கள் அவை.

அடுத்தது பாதை. கடலில் சுக்கானைத் திருப்பினால் படகு திரும்பும், டீசல் தூரத்துக்கு ஏற்பச் செலவாகும். விண்வெளியில் தூரத்துக்குச் செலவே இல்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டாலும் கலம் போய்க்கொண்டே இருக்கும். வேகத்தை மாற்றும்போது மட்டும்தான் எரிபொருள் போகும். எனவே, ஆட்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்பதை விட, உங்களோடு ஒப்பிட்டால் அவர்கள் எவ்வளவு வேகத்தில், எந்தத் திசையில் போகிறார்கள் என்பதே முக்கியம். கொலம்பியாவும் சர்வதேச விண்வெளி நிலையமும் ஒரே காலத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தன. "ஏன் நிலையத்துக்குப் போய் ஒதுங்கவில்லை?" என்று இன்றும் கேட்கிறார்கள். கொலம்பியாவின் பாதை நடுக்கோட்டுக்கு 39 பாகை சாய்ந்தது, நிலையத்தின் பாதை 51.6 பாகை சாய்ந்தது. செக்கனுக்கு 7.7 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கலத்தை 12.6 பாகை திருப்ப ஏறத்தாழ 1.7 கிலோமீற்றர் வேக மாற்றம் வேண்டும். விண்ணோடத்தின் சுற்றுப்பாதை இயந்திரங்களின் முழுத் தாங்கியும் தரக்கூடியது ஏறத்தாழ 0.3 கிலோமீற்றர். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்த எவரும் இதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம்: இரு மடங்கு வேகத்தை, திருப்ப வேண்டிய கோணத்தின் பாதியின் சைனால் பெருக்குங்கள்.

இதே காரணத்தால், நட்சத்திரக் கப்பல் முழு வேகத்தில் ஓடும்போது புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவது நடக்காத காரியம். கப்பலிடம் வேகம் எடுக்க ஒரு பங்கும், போய்ச் சேர்ந்ததும் நிற்க ஒரு பங்கும் இருந்தது என்று வையுங்கள். முதற் பங்கு ஏற்கெனவே எரிந்துவிட்டது. திரும்ப வேண்டுமானால் இப்போதைய வேகத்தைக் கொன்று நிற்க ஒரு பங்கு, எதிர்த்திசையில் வேகம் எடுக்க ஒரு பங்கு, அங்கே போய் நிற்க இன்னொரு பங்கு, ஆக மூன்று பங்கு வேண்டும். கையில் இருப்பதோ ஒன்று. அதை எரித்தால் நடு வெளியில் எரிபொருள் இல்லாமல் நிற்பீர்கள், அவ்வளவுதான். அந்த வேகங்களின் அளவையும் யோசியுங்கள். ஒளியின் பத்திலொரு பங்கு வேகத்தில் போகும் ஒவ்வொரு கிலோகிராமும், ஏறத்தாழ 100 கிலோதொன் வெடிமருந்துக்குச் சமமான சக்தியைச் சுமந்து போகிறது. அதை நிறுத்தி எதிர்ப்பக்கம் திருப்புவதற்கு எந்தக் கப்டனின் துணிவும் போதாது.

ஆனால் உங்கள் கதை அப்படிப்பட்டதல்ல, அதுதான் அதன் பலம். ஆய்வுக் கலம் கப்பலோடு கூட வந்தது. இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே திசையில் போகின்றன. அப்படியானால் ஒன்றைப் பொறுத்து மற்றது ஏறத்தாழ நின்றுகொண்டிருக்கிறது. மேலே சொன்ன பயங்கர எண்கள் எதுவும் இங்கே வராது. 42 பேருடன் பெரிய கப்பலைத் திருப்பவும் தேவையில்லை, ஒரு மீட்புக் கலத்தை அனுப்பினால் போதும். அதன் கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

எரிபொருள் இல்லாமல் 20 தொன் எடையுள்ள மீட்புக் கலம் என்று வைப்போம். எரிபொருள், அறை வெப்பத்திலேயே ஆண்டுக்கணக்காகத் தாங்கியில் கிடக்கக்கூடிய ஐதரசீன் வகையும் நைதரசன் நாலொட்சைட்டும். திரவ ஐதரசன் இதைவிடத் திறமானது, ஆனால் அது மறை 253 பாகையில் இருக்க வேண்டும். சும்மா கிடக்கும் அவசரக் கலத்தில் அது ஆவியாகிப் போய்விடும். நான் சொல்லும் எரிபொருளின் வெளியேற்ற வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 3.1 கிலோமீற்றர். பத்து இலட்சம் கிலோமீற்றரை 9 நாளில் கடக்கச் செக்கனுக்கு 1.29 கிலோமீற்றர் வேகம் எடுக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் அதே அளவு வேகத்தைக் குறைக்க வேண்டும். திரும்பி வருவதும் இதே வேகத்தில் என்றால் மொத்த வேக மாற்றம் ஏறத்தாழ 5.1 கிலோமீற்றர், அதற்கு 85 தொன் எரிபொருள் வேண்டும். திரும்பும்போது அவசரம் இல்லை என்று ஒருவர் யோசித்தால் கணக்கே மாறிவிடும். மீட்புக் கலத்தில் புதிய பெட்டிகளும் உணவும் தண்ணீரும் ஏற்றியிருந்தால், வரும்போது செக்கனுக்கு 0.3 கிலோமீற்றரில் ஆறுதலாக 39 நாள் எடுத்து வரலாம். மொத்தம் 3.2 கிலோமீற்றர் ஆகிறது, எரிபொருள் 36 தொன்னுக்கு இறங்குகிறது. ஓடிப் போய் மெல்ல வருவது. டீசல் மட்டாக இருக்கும் நேரத்தில் இன்னொரு படகைக் கட்டியிழுத்து வருபவருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, உங்கள் மாமாவிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் கதைக்கு உயிரான இடம் ஒன்று இருக்கிறது. மீட்புக் கலத்தின் தாங்கி 45 தொன் கொள்ளும் என்று வையுங்கள். முதல் மணித்தியாலத்திலேயே புறப்பட்டால் 36 தொன் போதும், கையில் 9 தொன் மிஞ்சும். "போவதா விடுவதா" என்று இரண்டு நாள் கூடிப் பேசினால், மிஞ்சிய 7 நாளில் அதே தூரத்தைக் கடக்க வேகம் 1.65 ஆக வேண்டும், எரிபொருள் 50 தொன்னைத் தாண்டும், தாங்கி கொள்ளாது. பின்னோக்கிப் பார்த்தால், அந்த 45 தொன்னால் போய்வரக்கூடிய கடைசி வேளை விபத்து நடந்து 34 மணித்தியாலத்தில் கடந்துவிடுகிறது. நெருங்கி இணைவதற்கு 12 மணித்தியாலம் ஒதுக்கினால் மிஞ்சுவது 22. அதற்குப் பிறகு எவ்வளவு துணிந்தாலும் பயனில்லை. உங்கள் கப்டன் கட்டளையை மீறுகிறார் என்றால் அதற்கான நியாயம் இந்த 22 மணித்தியாலத்துக்குள் இருக்கிறது: மேலிடத்தின் பதில் வரும்வரை காத்திருப்பதும் ஒரு முடிவுதான், அது அந்த 5 பேரையும் விட்டுவிடும் முடிவு. நட்சத்திரங்களுக்கு இடையிலிருந்து பூமிக்குச் செய்தி போக மாதங்களோ ஆண்டுகளோ ஆகும் என்பதால் கட்டளை என்பது முன்னரே எழுதிவைத்த விதியாகத்தான் இருக்க முடியும். அதைக் கதையில் தெளிவாக்குங்கள்.

இனி நெருங்குதல். ஆழ்கடலில் பல நாள் நின்று பிடித்து வந்த படகு, பாலமீன்மடு முகத்துவாரத்துக்கு வெளியில் வந்து அலையிலும் மணல்திட்டிலும் மாட்டுப்படுவதுண்டு. ஒலுவில் துறைமுக வாயிலில் மணல் அடைத்துப் பட்ட பாடும் கரையில் எல்லோருக்கும் தெரியும். விண்வெளியிலும் கடைசி 200 மீற்றர்தான் அப்படிப்பட்ட இடம். சர்வதேச நிலையத்தைச் சுற்றி 200 மீற்றருக்கு ஒரு தடைவட்டம் இருக்கிறது, ஒவ்வொரு கட்டத்திலும் அனுமதி பெற்றுத்தான் உள்ளே வர வேண்டும். கடைசித் தொடுகை செக்கனுக்கு 10 சென்ரிமீற்றர் அளவில் நடக்கும், நடை பழகும் குழந்தையை விட மெதுவாக. 1997 யூன் 25இல் மிர் நிலையத்தில், 7 தொன் சரக்குக் கலம் ஒன்றைக் கையால் இயக்கி இணைத்துப் பார்க்கும் சோதனையில் அது வேகம் குறையாமல் வந்து மோதியது. ஒரு பகுதியில் காற்றுக் கசியத் தொடங்கியது. உள்ளே இருந்த மூவரும் கதவுக்குள்ளால் போன கம்பிகளை வெட்டிக் கதவை மூடித் தப்பினார்கள். தேர்ந்த கைகளுக்கும் இது நடக்கும். மீட்கப் போன கலம், மீட்கப்பட வேண்டியவர்களின் கடைசிக் காற்றையும் திறந்துவிடக்கூடிய இடம் இதுதான்.

கோள் ஒன்றைச் சுற்றும் பாதையில் இது நடந்தால் இன்னொரு சிக்கல் சேரும். 1965 யூனில் ஜெமினி 4 கலம், முன்னால் போய்க்கொண்டிருந்த ரொக்கெட் துண்டை நோக்கி உந்திப் பார்த்தது, ஆனால் அதை எட்ட முடியாமல் விலகியே போனது. முன்னால் உள்ளதைப் பிடிக்க வேகத்தைக் குறைத்துக் கீழிறங்க வேண்டும், தாழ்ந்த பாதையில்தான் சுற்று விரைவாக முடியும். அதைச் சரியாகச் செய்து அதே ஆண்டு டிசம்பர் 15இல் ஜெமினி 6உம் 7உம் சந்தித்தன. உங்கள் கதை திறந்த வெளியில் நடப்பதால் நேரே போகலாம்.

பழுதான கலம் சும்மா நிற்காது, உருளும். காற்றுக் கசிவே அதைச் சுழற்றிவிடும். நிமிடத்துக்கு 6 சுற்று என்றாலே மையத்திலிருந்து 10 மீற்றர் தள்ளியிருக்கும் கதவில் புவியீர்ப்பின் பத்தில் நான்கு பங்கு இழுவை இருக்கும். அங்கே யாரும் பிடித்துத் தொங்க முடியாது, கலமும் இணைய முடியாது. 1966 மார்ச்சில் ஜெமினி 8 கலத்தில் உந்தியொன்று திறந்தபடி சிக்கி, செக்கனுக்கு ஒரு சுற்று என்னும் அளவுக்குச் சுழன்றது. நீல் ஆம்ஸ்ரோங் பூமிக்கு இறங்குவதற்கென வைத்திருந்த உந்திகளைப் பாவித்து அதை நிறுத்தினார். அந்த உந்திகளைத் தொட்டால் உடனே திரும்ப வேண்டும் என்பது முன்னரே எழுதப்பட்ட விதி, அதன்படியே பயணம் அன்றே முடிந்தது. எதிர்ப்பக்கத்தில் 1985 யூன் இருக்கிறது: சல்யூட் 7 நிலையம் மின்சாரம் இல்லாமல் இறந்து கிடந்தது, தன் இடத்தைச் சொல்லும் சமிக்ஞைகூட இல்லை. விளாடிமிர் ஜானிபெகொவும் விக்ரர் சவினிக்கும் கையில் பிடிக்கும் லேசர் தூரமானியை வைத்து, கண்ணால் பார்த்து, கையால் இயக்கி இணைந்தார்கள். உறைந்து கிடந்த நிலையத்துக்குள் குளிர் உடைகளோடு வேலை செய்து அதை உயிர்ப்பித்தார்கள். கையால் செய்ய முடியும் என்பதற்கு இதை விடச் சான்று தேவையில்லை. நெருங்குமுன் உங்கள் ஆட்கள் 1 கிலோமீற்றர் தள்ளி நின்று முதலில் பார்க்கட்டும்: எந்த அச்சில் சுழல்கிறது, எங்கே கிழிந்திருக்கிறது, எந்தக் கதவு முழுமையாக இருக்கிறது. கிட்டப் போனதும் முன்பக்க உந்திகளை நேரே அதன் மேல் ஊதக் கூடாது, அந்த வாயுவே அதைத் தள்ளிச் சுழற்றும், கிழிசலை இன்னும் கிழிக்கும்.

கதவு பொருந்தாவிட்டால் ஆட்களை வெற்றிடத்தின் ஊடாகக் கொண்டுவர வேண்டும். 1969 சனவரியில் இரண்டு சோவியத் விண்வெளி வீரர்கள் சோயுஸ் 5இலிருந்து வெளியே இறங்கி சோயுஸ் 4க்குள் ஏறினார்கள், ஆகவே இது செய்து காட்டப்பட்ட காரியம். ஆனால் உடைக்குள் அமுக்கம் வெளிக்காற்றின் மூன்றிலொரு பங்களவுதான். நைதரசன் கலந்த சாதாரணக் காற்றில் இருந்தவர் திடீரென்று அதற்குள் போனால் இரத்தத்தில் குமிழி கட்டும். கடலட்டைக்கும் சங்குக்கும் ஆழம் போய்ச் சடுதியில் மேலே வருபவரைப் பிடிக்கும் அதே வாதம்தான். அதற்கு முன் சில மணித்தியாலம் தனி ஒட்சிசனைச் சுவாசிக்க வேண்டும். அந்த மணித்தியாலங்களும் நெருங்கி இணைவதற்கு ஒதுக்கிய 12 மணித்தியாலத்துக்குள் வர வேண்டும். உடை எல்லோருக்கும் இல்லாவிட்டால்? விண்ணோடத்துக்காக நாசா 86 சென்ரிமீற்றர் விட்டமுள்ள துணிப்பந்து ஒன்றைச் செய்து பார்த்தது. ஒருவர் அதற்குள் சுருண்டு ஒரு மணித்தியாலம் சுவாசிக்கலாம், உடை போட்டவர் அதைத் தூக்கிப் போவார். அது பறப்பில் பாவனைக்கு வரவில்லை, ஆனால் கதையில் வர எந்தத் தடையும் இல்லை.

இருக்கையை மறக்காதீர்கள். 2022 டிசம்பரில் சோயுஸ் கலமொன்றில் குளிர்த்தும் திரவம் கசிந்தபோது, 2023 பெப்ரவரியில் ஆளில்லாமல் வெற்றுக் கலத்தை அனுப்பினார்கள். மூவருடைய இருக்கைகளும் அதில் தேவைப்பட்டன. அவர்கள் பூமியிலிருந்து புறப்பட்டு 371 நாள் கழித்தே தரையிறங்கினார்கள். 2024இல் ஸ்ரார்லைனரில் ஏறத்தாழ 8 நாள் பயணமாகப் போன சுனிதா வில்லியம்ஸும் புச் வில்மோரும் 2025 மார்ச்சில் திரும்பியதும், நால்வர் போக வேண்டிய கலத்தில் இருவரை மட்டும் ஏற்றி இரண்டு இருக்கையை வெறுமையாக விட்டதால்தான். உங்கள் மீட்புக் கலத்தில் 7 இருக்கை என்றால் போகிறவர் இருவர்தான். மூன்றாவதாக ஒரு வீரர் ஏறினால், வரும்போது ஒருவரை விட்டுவர வேண்டும். கப்டன் தானே போகும் காட்சியை எழுதியிருந்தால் அதைத் திரும்ப யோசியுங்கள். 42 பேருக்குப் பொறுப்பானவரின் இடம் தாய்க்கப்பல், இணைப்பதில் கைதேர்ந்த இருவரை அனுப்பிவிட்டு 48 நாள் காத்திருப்பது அவருக்கு இன்னும் கடினமானது.

இப்போது உரிமை. உங்கள் மாமா சொல்வது வழக்கம் மட்டுமல்ல, சட்டமும்கூட. 1982ஆம் ஆண்டின் கடற்சட்டச் சமவாயத்தின் 98ஆம் உறுப்புரை, கடலில் ஆபத்தில் இருப்பவருக்கு உதவும்படி கப்பல் தலைவரைக் கட்டாயப்படுத்துகிறது. ஆனால் அதே வரியில், தன் கப்பலுக்கும் அதிலுள்ளவர்களுக்கும் பாரதூரமான ஆபத்து இல்லாமல் செய்யக்கூடிய அளவுக்கு என்றும் எழுதியிருக்கிறது. கடலில் உயிர்ப்பாதுகாப்புச் சமவாயத்தின்படி, போக முடியாது என்று தலைவர் தீர்மானித்தால் அதற்கான காரணத்தைக் கப்பல் பதிவேட்டில் எழுத வேண்டும். விண்வெளிக்கு 1967 ஒப்பந்தமும் 1968 மீட்பு உடன்படிக்கையும் இருக்கின்றன. ஒரு நாட்டின் விண்வெளி வீரர் மற்ற நாட்டினருக்கு இயன்ற உதவியெல்லாம் செய்ய வேண்டும் என்கிறது முதலாவது. எதுவும் எல்லாவற்றையும் பணயம் வை என்று சொல்லவில்லை. ஆகவே உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி: 42 பேரையும் கூண்டோடு ஆபத்தில் தள்ள எந்தக் கப்டனுக்கும் உரிமையில்லை. மாமா சொல்வதிலும் பாதி சரி: முயலாமல் விட்டுவரவும் அவருக்கு உரிமையில்லை. இரண்டுக்கும் நடுவில், மீட்புக் கலம், அதில் விரும்பிப் போகும் இருவர், அதன் தாங்கியில் உள்ள 45 தொன் எரிபொருள் என்று பெயர் சொல்லிப் பணயம் வைக்கக்கூடியவை இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாக, கண்ணைத் திறந்துகொண்டு கப்டன் வைக்கட்டும். வாசகர் நம்புவார்.

மட்டக்களப்புக் கடலிலேயே இதற்கு ஒரு சாட்சி கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை இங்கே மூழ்கடித்தன. 300 பேருக்கு மேல் இறந்தார்கள். விற்றா என்ற மருத்துவமனைக் கப்பல் அருகில் இருந்ததால் ஏறத்தாழ 600 பேர் தண்ணீரிலிருந்து உயிரோடு தூக்கப்பட்டார்கள். கிட்ட நின்றதும், ஏற்ற இடம் இருந்ததும், காயக்காரரைப் பார்க்கும் ஆட்கள் இருந்ததும்தான் அத்தனை உயிரைக் காத்தன. கொலம்பியாவுக்கு அது வாய்க்கவில்லை. அற்லான்ரிஸ் விண்ணோடத்தை வேகப்படுத்தியிருந்தால் பெப்ரவரி 10 அளவில் ஏவியிருக்கலாம், மிகக் கடினமானாலும் செய்யக்கூடியது என்றது விசாரணை. ஆனால் ஏவும்போது இறக்கையில் பட்ட அடியால் கவலையில்லை என்றுதான் கீழிருந்து அந்தக் கலத்தின் கப்டனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. துணிவதற்கு அவருக்குத் தருணமே கொடுக்கப்படவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அதன் பிறகு 2009 மேயில் ஹபிள் தொலைநோக்கியைத் திருத்தப் போனபோது, இரண்டாவது விண்ணோடம் ஒன்று மீட்புக்கென்றே ஏவுதளத்தில் தயாராக நின்றது.

கடைசிக் காட்சிக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று. இணைந்தவுடன் கதவைத் திறக்க விடாதீர்கள். முதலில் இணைப்பு வளையத்தில் கசிவு இருக்கிறதா என்று அமுக்கத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். பிறகு சிறு வால்வால் இரு பக்க அமுக்கத்தையும் சமப்படுத்த வேண்டும். பழுதான கலத்தின் காற்றில் காபனீரொட்சைட்டு எத்தனை வீதம் என்று அளந்த பிறகே பெரிய கதவு. 9ஆம் நாளில் அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் தலையிடியோடு, குளிரில் விறைத்து, சொன்னதைப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் எடுப்பவர்களாக இருப்பார்கள். ஆகவே கதவுக்குள்ளால் முதலில் போவது புதிய உறிஞ்சும் பெட்டியும் ஒட்சிசன் முகமூடிகளும். அடுத்தது தண்ணீர். பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக, மிகவும் சோர்ந்தவர் முதலில்.